எங்க மாவட்டம் எத்தனாவது இடம்?

சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் இருக்கிற நண்பர்கள் வருஷத்துக்கு நாலு தடவையாவது ஒரு படம் அனுப்புறாங்க. தமிழ்நாட்டு வரைபடம், மாவட்டத்துக்கு ஒரு கலர், பக்கத்துல ரேங்க் பட்டியல். ராமநாதபுரம் கீழே கிடந்தா "என்னங்க, இன்னும் இப்படியே இருக்கு?"ன்னு ஒரு வரி. கொஞ்சம் மேல ஏறியிருந்தா "பரவால்லையே, உங்க ஊரு முன்னேறிடுச்சாமே!"ன்னு கைதட்டுற பொம்மை. ரெண்டுக்கும் நான் பதில் போடுறதில்ல. போட்டா நீளமாப் போகும். அந்த நீளமான பதில்தான் இந்தப் பதிவு.

அளக்கிறதுக்கு நான் எதிரி இல்லைங்க. விவசாயி அளக்காம ஒரு நாள் ஓட்ட முடியாது. கண்மாய்ல எத்தனை அடி தண்ணி, விதை எத்தனை படி, மழை எத்தனை மில்லிமீட்டர்னு எங்க பொழப்பே அளவுதான். ஆனா அந்த அளவுல எவ்வளவு சந்தேகம் இருக்குன்னு அளந்தவங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் அதை மூடி வைச்சு, ஒத்தை எண்ணா, ஒத்தை ரேங்கா வெளிய விடுறாங்க பாருங்க, அதைத்தான் நான் ஏத்துக்க மாட்டேன். அந்த மூடலுக்கு விலை கொடுக்கிறது பட்டியல் போடுறவங்க இல்ல. அதையும் சொல்றேன்.

2018 ஜனவரியில மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுச்சு. நாடு முழுக்க 112 மாவட்டம். தமிழ்நாட்டுல ரெண்டே ரெண்டு: எங்க ராமநாதபுரம், பக்கத்துல விருதுநகர். மொத்தம் 49 குறியீடு. சுகாதாரம் ஊட்டச்சத்துக்கு 30 சதவீதம், கல்விக்கு 30, விவசாயம் நீர்வளத்துக்கு 20, மீதி 20 வங்கிச் சேவை, திறன் பயிற்சி, சாலை, கழிப்பறை மாதிரி விஷயங்களுக்கு. எல்லாத்தையும் சேர்த்து மாசாமாசம் ரேங்க். போன மாசத்துலேர்ந்து இந்த மாசம் எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்கிற இந்தப் பட்டியலுக்கு 'டெல்டா ரேங்க்'னு பேரு. (காவிரி டெல்டான்னு நினைச்சுக்காதீங்க. நாங்க வைகைக் கடைசி. தண்ணி வந்தாத்தான் ஆறு.)

மாசாமாசம்! எங்க ஊர்ல நெல்லு வருஷத்துக்கு ஒரு தடவைதான். புரட்டாசி ஐப்பசியில புழுதியில விதைப்போம், தை மாசியில அறுப்போம். நடுவுல மாசத்துக்கு மாசம் விவசாயம் என்னத்த முன்னேறும்? போட்டி இருந்தா அதிகாரிகள் வேகமா வேலை பார்ப்பாங்கங்கிறது திட்டம் போட்டவங்க வாதம். கொஞ்சம் உண்மையும் இருக்கு. தடுப்பூசி, பள்ளிக்கூடத்துல கரண்ட் மாதிரி விஷயத்துல உந்துதல் வேலை செய்யும். ஆனா இந்த எண்ணுல நிறைய மாவட்ட நிர்வாகமே பதிவேத்துற எண். வெளியாளுங்களை வைச்சு சரிபார்க்கிறதா ஏற்பாடு உண்டு. இருந்தாலும் தன் பரீட்சைத் தாளுக்குத் தானே முதல் மார்க் போடுற பையனோட கதைதான். அதுக்கு மேல ஒரு கணக்குச் சங்கதி இருக்கு. போன மாச எண்ணுலயும் சந்தேகம், இந்த மாச எண்ணுலயும் சந்தேகம். ரெண்டையும் கழிச்சா சந்தேகம் குறையாதுங்க, கூடத்தான் செய்யும். முன்னேற்றத்தைக் காட்டுறேன்னு வந்த பட்டியல்ல பாதி, எண்ணு ஆடுற ஆட்டமாத்தான் இருக்கும்.

எண்ணு எப்படி ஆடும்னு பட்டணத்துல இருக்கிறவங்களுக்குப் புரியணும்னா பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பார்க்கணும்.

பயிர்க் காப்பீட்டுக்கு நெல்லு மாதிரி முக்கியப் பயிருன்னா கிராமத்துக்கு 4 இடத்துல சோதனை அறுப்பு. எந்தெந்த சர்வே நம்பர்ங்கிறதைக் குலுக்கல் முறையில எடுப்பாங்க. வயல்ல 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ள இருக்கிறதை அறுத்து, அடிச்சு, தூத்தி எடை போடுவாங்க. அந்த நாலு எடையோட சராசரிதான் அந்த வருஷம் எங்க ஊரோட விளைச்சல். நாலு இடமும் சேர்ந்து 100 சதுர மீட்டர். நம்ம கணக்குல ரெண்டரை சென்ட். எங்க கண்மாய்க்குக் கீழ 500 ஏக்கர் நெல்லுன்னு வைச்சுக்குங்க. 50,000 சென்ட். அதுக்கு ஜாமீன் சொல்றது ரெண்டரை சென்ட்.

சின்ன மாதிரியை எடுக்கிறது தப்பில்ல. சோறு வெந்துச்சான்னு பார்க்க ஒரு பருக்கை போதும்னு நீங்க சொல்லலாம். பானைச் சோறு கிளறிவிட்டது, ஒரே பதத்துல இருக்கும். கண்மாய்ப் பாசனம் அப்படி இல்ல. மடைக்குப் பக்கத்து வயல் மார்கழியிலயும் ஈரமா இருக்கும். கடைமடை வயல் கார்த்திகையிலேயே வெடிச்சுக் கிடக்கும். ஒரே ஊரு, ஒரே மழை, ஒரே விதை, ஆனா ரெண்டு விளைச்சல். மடை வயல் ஏக்கருக்கு 1,800 கிலோ, கடைமடை 500 கிலோ, ஊர்ல பாதிக்குப் பாதி நிலம்னு வைங்க. உண்மைச் சராசரி 1,150.

இப்பப் பூவா தலையா போடுங்க. நாலு தடவை சுண்டினா ரெண்டு பூ ரெண்டு தலைன்னு சரிபாதியா விழறதுக்கு 16ல 6 வாய்ப்புதான். குலுக்கல்ல 3 மடை வயலும் 1 கடைமடையும் விழுந்தா ஊர் விளைச்சல் 1,475. திருப்பி விழுந்தா 825. ஒரே வருஷம், ஒரே ஊரு, யாரும் ஏமாத்தல, கயிறு நேராத்தான் கட்டினாங்க. காப்பீட்டுக்கான வரம்பு விளைச்சல் 1,000 கிலோன்னா, முதல் குலுக்கல்ல ஊருக்கே ஒரு பைசா கிடையாது, ரெண்டாவதுல எல்லாருக்கும் பணம். 500 கிலோ எடுத்தவனோட பாப்பா பள்ளிக்கூடத்துல இருக்குமா, திருப்பூருக்குப் போகுமாங்கிறது பூவா தலையாவுல தொங்குது. ஆனா பதிவேட்டுல ஏறுறது ஒரே ஒரு எண். பக்கத்துல 'இது 825லேர்ந்து 1,475 வரைக்கும் எங்க வேணா இருந்திருக்கலாம்'னு ஒரு வார்த்தை கிடையாது.

மாவட்டத்துல இத்தனை கிராமத்தையும் கூட்டினா இந்த ஆட்டம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிடும்தானேன்னு புள்ளியியல் தெரிஞ்சவங்க கேட்பீங்க. அடங்கும். மாவட்டச் சராசரி கிராமச் சராசரியை விட நம்பத் தகுந்தது, மறுக்கல. ஆனா அதுல ஒரு விஷயம் அடங்காது. அது வருஷம்.

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் பொய்ச்சுப் போச்சு. 2017 ஜனவரியில மாநிலம் முழுக்க வறட்சின்னு அரசே அறிவிச்சுச்சு. எங்க பக்கம் விதைச்ச நெல்லு முளைச்சு நாலு விரல் வளர்ந்து மாட்டுக்குத் தீவனமாச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு 2018ல முன்னேற்றத் திட்டம் ஆரம்பம். இப்ப, பள்ளத்துல நிக்கிறவனை 'ஆரம்பக் கோடு இதுதான்'னு நிப்பாட்டி வைச்சுட்டா, தரைக்கு வந்ததையே மலை ஏறினதாக் காட்டலாம். அடுத்து சுமாரா ஒரு மழை பெய்ஞ்சாலே விளைச்சல் 'வளர்ச்சி' பெருசா வரும். அதுல திட்டத்தோட பங்கு எவ்வளவு, வருண பகவானோட பங்கு எவ்வளவு? பிரிச்சுச் சொல்லாம ஏத்தத்தை மட்டும் படம் போட்டா, மேகத்துக்குப் போக வேண்டிய மாலையை ஆபீசு வாங்கிக்குது. அதே மாதிரி நல்ல மழை வருஷத்தை அடிப்படையா வைச்சா, ராப்பகலா உழைச்ச நிர்வாகத்துக்கும் கெட்ட பேரு வரும். மானாவாரி மாவட்டத்தை ரெண்டு வருஷத்தை மட்டும் வைச்சு ஒப்பிடுறதே அநியாயம். அஞ்சு வருஷச் சராசரியோட அடுத்த அஞ்சு வருஷச் சராசரியை வைங்க. அதுலயும் மழை அளவைப் பக்கத்துல எழுதுங்க.

வறுமைக் கணக்குக்கு வருவோம். நீங்க அனுப்புற கலர் படம் பெரும்பாலும் நிதி ஆயோக்கோட பல்பரிமாண வறுமைக் குறியீடு. வருமானத்தை மட்டும் பார்க்காம ஊட்டச்சத்து, பள்ளிக்கூடம், கழிப்பறை, சமையல் எரிவாயு, வங்கிக் கணக்குன்னு 12 விஷயத்தைப் பார்க்குது. நல்ல யோசனை. தரவு தேசிய குடும்பநல ஆய்விலேர்ந்து வருது. அஞ்சாவது ஆய்வுல தமிழ்நாட்டுல 27,929 வீடு, அப்ப இருந்த 32 மாவட்டக் கணக்குல. மாவட்டத்துக்கு சராசரியா 870 வீடு. அதுவும் தனித்தனியாப் பொறுக்கினது இல்ல. ஏறக்குறைய 40 இடம், இடத்துக்கு 22 வீடு.

ஒரு மாவட்டத்துல 5 சதவீதம் வீடு ஏழைன்னு வருது. அதாவது 43 வீடு. இதே ஆளுங்க, இதே கேள்வித்தாளோட வேற 870 வீட்டுக்குப் போயிருந்தா அது 30 வீடா வந்திருக்கலாம், 56ஆவும் வந்திருக்கலாம். சதவீதத்துல சொன்னா மூணரையிலேர்ந்து ஆறரை. 22 வீடும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதால உண்மையில இன்னும் அகலம். அப்ப 4 சதவீத மாவட்டத்துக்கும் 6 சதவீத மாவட்டத்துக்கும் நடுவுல வித்தியாசம் இருக்கா இல்லையான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ரேங்க் பட்டியல்ல அந்த ரெண்டுக்கும் நடுவுல எத்தனை மாவட்டம் வரிசை கட்டி நிக்கும் பாருங்க! 9ஆவது, 14ஆவதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு டீக்கடையில வாய்ச்சண்டை.

இன்னொண்ணு. அந்த ஆய்வு தமிழ்நாட்டுல ரெண்டு துண்டா நடந்துச்சு. 2020 ஜனவரியில ஆரம்பிச்சு மார்ச்சுல ஊரடங்கோட நின்னுச்சு. டிசம்பர் கடைசியில மறுபடி ஆரம்பிச்சு 2021 மார்ச்சுல முடிஞ்சுச்சு. கொரோனாவுக்கு முந்தி கேட்ட வீடும் பிந்தி கேட்ட வீடும் ஒரே கூட்டல்ல. ஆய்வு செஞ்சவங்க மேல குத்தமில்ல, அவங்க அறிக்கையிலயே தேதியோட எழுதியிருக்காங்க. படம் போடுறவங்கதான் அதை வெட்டிட்டுப் போடுறாங்க.

இதைவிடப் பெரிய கூத்து 2024 ஜனவரியில வந்துச்சு. 2013-14ல நாட்டுல 29.17 சதவீதம் ஏழை, 2022-23ல 11.28 சதவீதம், ஒன்பது வருஷத்துல 24.82 கோடிப் பேர் வறுமையிலேர்ந்து வெளிய வந்தாச்சுன்னு நிதி ஆயோக் கட்டுரை. அந்த ரெண்டு வருஷத்துலயும் குடும்பநல ஆய்வு நடக்கவே இல்ல. பழைய ஆய்வுகளுக்கு நடுவுல கோடு இழுத்து முதல் எண்ணையும், கடைசி ஆய்வைத் தாண்டி அதே வேகத்துல கோட்டை நீட்டி ரெண்டாவது எண்ணையும் எடுத்திருக்காங்க. நடுவுல கொரோனா கிடந்துச்சு, கோட்டுக்கு அது தெரியாது. இப்படித்தான் கணக்குப் போட்டோம்னு அந்தக் கட்டுரையிலயே இருக்கு. இருந்தும் தலைப்புச் செய்தியில ரெண்டு தசமத் துல்லியம். என் வயல்ல அடுத்த தை மாசம் இருபதே கால் மூட்டை விளையும்னு இப்பவே நான் எழுதிக்கொடுத்தா எந்த வங்கி கடன் குடுக்கும்?

மாவட்ட வருமானத்துக்கு வந்தா சந்தேகத்தோட ரகமே மாறிடுது. இங்க எண்ணு சரியாவே இருந்தாலும், அது எதோட எண்ணுங்கிறதுதான் குழப்பம். மாவட்ட உள்நாட்டு உற்பத்திங்கிறது மாவட்ட எல்லைக்குள்ள உண்டாகிற மதிப்பு. அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போகுதுங்கிறது அதுல வராது. கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016லேர்ந்து ஓடுது. ஏறத்தாழ 2,500 ஏக்கர். அதுல உண்டாகிற மின்சாரத்தோட மதிப்பு எங்க மாவட்டக் கணக்குல ஏறும். லாபம் எந்த ஊருக்குப் போனாலும் சரி, கணக்குப்படி நாங்க வளர்ந்துட்டோம். மறுபக்கம், கீழக்கரையிலேர்ந்தும் பனைக்குளத்துலேர்ந்தும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போன பிள்ளைங்க அனுப்புற பணத்துல எத்தனை மாடி வீடு, எத்தனை கல்யாணம், எத்தனை படிப்பு! அது உற்பத்திக் கணக்குல சேராது. ஊர்ல கண்ணுக்குத் தெரியுற காசு கணக்குல இல்ல, கணக்குல இருக்கிற காசு கண்ணுல படல.

தலைக்கு எவ்வளவுன்னு வகுக்கிறதுல இன்னும் வேடிக்கை. கூடங்குளம் அணுமின் நிலையம் திருநெல்வேலி மாவட்டத்துல இருக்கு. 2019ல தென்காசியைப் பிரிச்சாங்க. உலை நெல்லையிலேயே நின்னுச்சு, மக்கள்ல ஒரு பெரும் பகுதி தென்காசி கணக்குக்குப் போயிட்டாங்க. அந்த உலையோட உற்பத்தியைத் தலைக்கு வகுத்தா, நெல்லைக்காரங்க ஒரே ராத்திரியில வளம் ஆயிட்டாங்க, தென்காசிக்காரங்க ஒரே ராத்திரியில அதை இழந்துட்டாங்க. யார் வீட்டு அடுப்புலயும் ஒரு உலை அரிசி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அந்தத் தலை எண்ணிக்கையாவது உறுதியான்னா, 2011க்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேலா கணக்கெடுப்பே இல்லாம, பழைய எண்ணை நீட்டி நீட்டித்தான் வகுத்துக்கிட்டு இருந்தோம். எங்க ஊர்ல 2011ல எண்ணின தலையில எத்தனை இன்னைக்குத் திருப்பூர்ல இருக்கு, எத்தனை சவூதியில இருக்குன்னு பொங்கலுக்கு வந்தாத்தான் தெரியும்.

இதெல்லாம் சொன்னா எங்க ஊர்லேயே ஒரு கட்சி ரொம்ப சந்தோசப்படும். பக்கத்து வயல் சித்தப்பு அந்தக் கட்சி. "அதான்டா தம்பி, எல்லாம் பொய்க்கணக்கு. எவன் எண்ணையும் நம்பாத"ம்பாரு. இல்ல சித்தப்பு, அதுவும் எனக்கு ஒத்துவராது. சந்தேகம் இருக்குங்கிறதும் எதுவுமே தெரியாதுங்கிறதும் ஒண்ணில்ல. அதே குடும்பநல ஆய்வுப்படி 2019-21ல பீகார்ல ஏறக்குறைய மூணு பேர்ல ஒருத்தர் ஏழை, தமிழ்நாட்டுல 2.20 சதவீதம், அதாவது அம்பது பேர்ல ஒருத்தர் கிட்ட. இந்த வித்தியாசத்தை எந்தச் சந்தேகமும் விழுங்க முடியாது. தமிழ்நாட்டுலயே 2015-16ல 4.76ஆ இருந்தது 2.20 ஆச்சு, மாநில அளவுல வீடு எண்ணிக்கை அதிகம், அதனால குறைஞ்சிருக்குன்னு தைரியமாச் சொல்லலாம். பெரிய வித்தியாசத்தைச் சின்ன மாதிரி காட்டிக்கொடுத்துடும். சின்ன வித்தியாசத்தைக் காட்ட அதுக்குத் திராணி கிடையாது. எது எந்த ரகம்னு சொல்லாம விடுறதுதான் சித்தப்பு கட்சியை வளர்க்குது. ஒரு தடவை ஒத்தை எண் பொய்யாப் போச்சுன்னா ஜனங்க அடுத்து வர்ற நல்ல எண்ணையும் நம்ப மாட்டாங்க.

நிர்வாகத்துக்கு முடிவு எடுக்க ஒரு எண் வேணும், 'இதுலேர்ந்து இது வரைக்கும்'னு குடுத்தா யாருக்குப் புரியும்னு கேட்கிறாங்க. வானிலைத் துறை தென்மேற்குப் பருவமழைக்கு ஏப்ரல்ல முன்கணிப்பு குடுக்கும்போது, சராசரியில இத்தனை சதவீதம்னு சொல்லிட்டு, கூடவே 5 சதவீதம் ஏறவோ இறங்கவோ செய்யலாம்னும் சொல்லுது. அதைக் கேட்டுத்தான் நாட்டுல பாதி பேர் விதைக்கிறான். கைநாட்டு வைக்கிற கிழவனுக்குப் புரியுறது ஐ.ஏ.எஸ். படிச்சவங்களுக்குப் புரியாதா? மழைக்குச் சொல்ற மரியாதையை வறுமைக்கும் சொல்லலாம். 9ஆவது இடம், 14ஆவது இடம்னு போடுறதுக்குப் பதிலா, நிச்சயமா பின்தங்கினது, நிச்சயமா முன்னேறினது, சொல்ல முடியாதது அப்படின்னு மூணு கூடையில போடுங்க. மூணாவது கூடை பெருசா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அங்க இன்னும் நிறைய வீட்டுல போய்க் கேளுங்க.

அந்த மூணாவது கூடையை என்ன செய்யுறதுங்கிறதுதான் என் சண்டையோட மையம். தப்பு ரெண்டு விதமா நடக்கலாம். முன்னேறின மாவட்டத்தைப் பின்தங்கினதுன்னு நினைச்சு இன்னும் நாலு வருஷம் பணம் போட்டா, கொஞ்சம் காசு வீண். அதுலயும் ஒரு ரோடோ ஒரு செவிலியரோ மிஞ்சும். பின்தங்கினதை முன்னேறிடுச்சுன்னு நினைச்சு திட்டத்தை நிறுத்தினா, சத்துக்குறைவா வளர்ற பிள்ளைக்கு அந்த நாலு வருஷம் திரும்பி வராது. ரெண்டு தப்பும் ஒரே விலை இல்ல. அப்ப, சந்தேகம் வந்தா எந்தப் பக்கம் சாயணும்? எடை போடும்போது முள்ளு நடுவுல ஆடினா வாங்க வந்தவங்க பக்கம் ஒரு கை கூடப் போடுற வழக்கம் சந்தையில இருக்கு. அரசாங்கத் தராசுல அந்த ஒரு கை எப்பவும் குடுக்கிறவன் பக்கம் போகுது. வரம்பு 1,000, விளைச்சல் 1,010ன்னு வந்தா காப்பீடு கிடையாது. நாலு கயிறுல வந்த 1,010க்கும் 990க்கும் ஒரு வித்தியாசமும் கிடையாதுன்னு தெரிஞ்சும் கிடையாது. வரம்பைச் சுத்தி ஒரு பட்டை போட்டு, அந்தப் பட்டைக்குள்ள விழுந்தா பாதிப் பணமாவது குடு, இல்ல இன்னும் எட்டு இடத்துல அறுத்துப் பாரு. மாவட்ட ரேங்கும் அதே மாதிரி. பட்டைக்குள்ள இருக்கிற மாவட்டத்துலேர்ந்து எதையும் பிடுங்காத.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அடுத்த படம் உங்க கைக்கு வரும்போது, அனுப்பினவர்கிட்ட எத்தனை வீட்டுல கேட்டாங்க, எந்த வருஷம் கேட்டாங்க, அந்த வருஷம் அங்க மழை எப்படின்னு கேளுங்க. அறிக்கையோட பின்பக்கத்துல பெரும்பாலும் பதில் இருக்கும், யாரும் புரட்டுறதில்லைங்கிறதுதான் விஷயம். பதில் கிடைச்சா எனக்கும் அனுப்பி விடுங்க. இந்த வருஷ அறுவடைப் பரிசோதனைக்கு எங்க ஊர்ல எந்த நாலு சர்வே நம்பர், அதுல எத்தனை மடை, எத்தனை கடைமடைன்னு குறிச்சு வைக்கப் போறேன். மாசிக்கு அப்புறம் எடையோட சேர்த்து இங்கயே போடுறேன்.